பிள்ளைக்காரியின் மணிக்கட்டு

என் வலது மணிக்கட்டில், கட்டை விரல் பக்கமாக, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு இருந்தது. இப்போது இல்லை. இருந்த இடத்தில் தோல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. ஊசி போட்ட இடம் சிலருக்கு அப்படி வெளுக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆகாவிட்டாலும் எனக்கொன்றும் குறையில்லை. அந்த மேடு இருந்த காலத்தில் நான் பெற்ற மகளை என்னால் தூக்க முடியவில்லை.

தலைப்பிரசவம் அரூர் பக்கம் என் அம்மா வீட்டில் நடந்தது. அம்மா என்னை ஒரு துரும்பை எடுத்துப் போட விடவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அம்மாதான். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் மடிக்கு வரும். ஐந்தாம் மாதம் பிள்ளையோடு பென்னாகரம் பக்கத்தில் இருக்கிற புகுந்த வீட்டுக்கு வந்தேன். அதற்குள் அவள் கொழுகொழுவென்று ஆகிவிட்டாள். கண்ணுபட்டுவிடும் என்று யாரும் எடை போட விடவில்லை என்றாலும், என் கைக்கு அவள் எடை தெரிந்துபோனது.

எங்கள் புகுந்த வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். வீட்டை ஒட்டி நீளமாக ஒரு செட்டு, புழு வளர்க்கிற கொட்டகை, இருக்கிறது. புழு இருக்கிற நாளெல்லாம் அந்தச் செட்டுக்கு வைக்கிற மரியாதை, கோயிலுக்குக்கூட யாரும் வைப்பதில்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசனை எதுவும் ஆகாது. கொசுவர்த்தி கூடாது, ஊதுபத்தி கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது. பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி போடாத வீட்டை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். தைலம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. தைல வாடை பட்டால் புழு தழையைத் தொடாமல் படுத்துவிடும் என்பார் என் அத்தை. என் வீட்டுக்காரரின் அம்மாவைத்தான் சொல்கிறேன். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

நான் வந்து சேர்ந்த சமயம் புழு சின்னதாக இருந்தது. அப்போது வேலை தெரியாது. கடைசித் தோலை உரித்துவிட்டு எழுந்ததும் தின்னத் தொடங்கும் பாருங்கள், அப்போதுதான் வீட்டிலிருக்கிற அத்தனை கையும் போதாமல் போகும். மல்பெரிக் குச்சிகளை அரிவாளால் அறுத்து, கட்டாகக் கட்டி, தூக்கி வந்து பரப்ப வேண்டும். பரப்பி முடித்துத் திரும்பிப் பார்த்தால் முதலில் போட்ட இடத்தில் வெறும் குச்சிதான் கிடக்கும். பிள்ளை தூங்குகிற நேரத்தில் நானும் போய்க் குச்சி அறுத்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எல்லாரும் ஓடியாடிக்கொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது.

வலி முதலில் கட்டை விரலின் அடியில் சுருக்கென்றது. நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஈரத் துணியைப் பிழியும்போது வந்தது. பிறகு டம்ளரைத் தூக்கும்போது வந்தது. பிள்ளையின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கீறிக்கொண்டு போனது. ஒருநாள் அத்தையிடம் போய் நின்றேன்.

"அத்தை, கை ரொம்ப வலிக்குதுங்க. கொஞ்சம் தைலம் தேச்சுக்கட்டுங்களா?"

"தாராளமா தேச்சுக்க கண்ணு. தேச்சுக்கிட்டு உங்கம்மா வூட்டுக்குப் போயி இருந்துட்டு, புழு கூடு கட்டுனதும் வா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தழைக் கட்டை இறக்கிக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். புழுவுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு இல்லை என்றேன். அவர் நிதானமாகக் குழம்பை ஊற்றிக்கொண்டு, "புழு வாயில்லாத ஜீவன், பாவம்" என்றார். எனக்கு வாய் இருப்பதை அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். என்ன செய்வது, நான் வாய்க்காரிதான்.

அத்தை சும்மா இருந்துவிட்டார் என்று சொன்னால் பாவம். பச்சை உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டதால் வந்த வினை என்று முடிவு செய்து, எனக்குச் சுடுதண்ணீர் மட்டும்தான் என்று உத்தரவு போட்டார். பூண்டுக் குழம்பு வைத்தார். அதற்கும் கேட்கவில்லை என்றதும், பக்கத்து ஊரிலிருந்து சுளுக்கு எடுக்கிற ஒரு அம்மாவை வரவழைத்தார். அந்த அம்மா விளக்கெண்ணெயைத் தொட்டு, நீவி, நரம்பு பிசகியிருக்கிறது என்று சொல்லி, என் கட்டை விரலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டி இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் செட்டுக்குள் இருந்த என் வீட்டுக்காரர், அத்தனை சட்டத்தையும் மறந்து, கையில் தழையோடு ஓடி வந்துவிட்டார். "நரம்பு எடத்துல ஒக்காந்துடுச்சு" என்று அந்த அம்மா சொன்னார். மறுநாள் காலையில் அந்தப் புளியங்கொட்டை மேடு நன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. மத்தியான நேரம். வீட்டில் யாருமில்லை. கூடத்து விட்டத்தில் கட்டியிருந்த தூளியில் மகள் விழித்துக்கொண்டு, கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். பாதி தூக்கியிருப்பேன், மணிக்கட்டில் வெட்டியது. வலது கை தானாக விரிந்துகொண்டது. அவள் என் கையை விட்டு நழுவித் தூளிக்குள்ளேயே விழுந்தாள். தூளி ஆடியது. அவளுக்கு அது விளையாட்டாகத் தெரிந்திருக்க வேண்டும், பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவளோடு ஒரு அடி தள்ளி வந்திருந்தால் கீழே சிமெண்டுத் தரை.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொன்னதற்கே பூண்டுக் குழம்பும் சுளுக்கு வைத்தியமும் கிடைத்தன. பிள்ளையைக் கீழே போடப் பார்த்தேன் என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்று யார் கண்டது. இனிமேல் அவளைத் தூக்குவதில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். யாராவது எடுத்து மடியில் போட்டால் தலையணையை முட்டுக்கொடுத்துப் பால் கொடுப்பேன். குடித்து முடித்ததும் யாரையாவது கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. தலை சுற்றுகிறது, கை ஈரமாக இருக்கிறது, அடுப்பில் பால் பொங்குகிறது. அவள் தூளியில் கிடந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டுவாள். நான் தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அழுகை முட்டிக்கொண்டு வரும். அழுதால் அதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே என்று அடக்கிக்கொள்வேன்.

வீட்டில் மெல்ல மெல்ல ஏதோ மாறியது. முதலில் அத்தை என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பிறகு செட்டு வேலைக்குப் போகும்போது பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார். நான் வீட்டில்தான் இருந்தேன். பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளையை எதற்கு அடுத்த வீட்டில் விட வேண்டும்? கேட்டதற்கு, "நீ ரெஸ்ட் எடு கண்ணு" என்றார். அந்த வீட்டில் ரெஸ்ட் என்ற வார்த்தையை நான் கேட்டதே அப்போதுதான். பிறகு பிள்ளையைத் தன் பாயில் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்க ஆரம்பித்தார். பசித்து அழுதால் என்னிடம் கொண்டு வந்து, குடித்து முடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்திருந்து, திரும்ப எடுத்துக்கொண்டு போவார்.

என் வீட்டுக்காரர் இன்னொரு பக்கம். தோட்டத்துக்குப் போனால் இருட்டும்போது திரும்புகிறவர், நேரத்தோடு வந்து வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். நான் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தால் கதவோரம் வந்து நிற்பார். கல்யாணமான புதிதில்கூட இந்த மனிதர் இப்படி என்னைச் சுற்றியதில்லையே, பிள்ளை பெற்றதும் ஆசை வந்துவிட்டதாக்கும் என்று கொஞ்சம் பூரித்துப்போனேன். எனக்கும் அறிவு அவ்வளவுதான்.

ஆனால் அத்தை விஷயத்தில் எனக்கு நாளுக்கு நாள் கொதித்தது. என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறார் என்றே நினைத்தேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவள் அவரைத்தான் அம்மா என்பாள், என்னைக் கண்டால் அழுவாள் என்று தோன்றியது. தட்டிக் கேட்கலாம். கேட்டால், "அப்ப நீயே தூக்கி வெச்சுக்க" என்று கையில் கொடுத்துவிட்டால்? இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு பேச்சற்றுக் கிடந்தது என் வாழ்நாளில் அந்தக் காலம் ஒன்றுதான்.

ஒருநாள் காலையில் கிராமத்து நர்சம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பிள்ளைக்கு எடை பார்க்க வந்தேன் என்றார். பார்த்தார், எழுதிக்கொண்டார். பிறகு அத்தையையும் என் வீட்டுக்காரரையும் பார்த்து, கொஞ்சம் வெளியில் இருங்கள் என்றார். இருவரும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போனார்கள். எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"நல்லா சாப்பிடறியாம்மா? தூக்கம் வருதா? காரணமே இல்லாம அழுவ வருதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க நர்சம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன் புள்ளையத் தூக்க மாட்டேங்கற?" அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "பொட்டப் புள்ளையாப் போச்சேன்னு மனசுல ஏதாச்சும் இருக்குதா? எங்கிட்ட சொல்லலாம். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. பெண் பிள்ளைதான் வேண்டுமென்று வேண்டிக்கொண்டு பெற்றவளைப் பார்த்து இப்படிக் கேட்க உங்களுக்கு நாக்கு எப்படி வந்தது என்று ஆரம்பித்ததுதான் தெரியும். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, நர்சம்மா தரையில் துண்டு விரித்துப் போட்டிருந்த மகளைக் காட்டினார்.

"சரி. அப்பத் தூக்கு."

"முடியாதுங்க."

"ஏன்?"

"கீழ போட்டுடுவேங்க" என்றேன். சொன்னதுதான் தாமதம், அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. தூளியில் நழுவியதை, கை தானாக விரிந்ததை, சிமெண்டுத் தரையை எல்லாம் விக்கி விக்கிச் சொன்னேன். நர்சம்மா என் கையை இழுத்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். மேட்டின் மேல் விரலை வைத்தார். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"கட்டை விரல உள்ளங்கைக்குள்ள மடக்கு. மத்த வெரலால அத மூடிக்க. இப்பக் கைய அப்படியே சுண்டு விரல் பக்கமா சாய்."

சாய்த்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. அம்மா என்று கத்தியபடி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு வெளியே யாரோ எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. நர்சம்மாவைப் பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த வலியில் அவரை அடித்திருப்பேன்.

"எம்மா, எம் வயித்துல பால வார்த்த. நான் என்னென்னமோ நெனச்சுப் பதறிக்கிட்டு வந்தேன்" என்றார். "இது புள்ள பெத்தவங்களுக்கு வர்றதுதான். மூணு மாசம், நாலு மாசம் ஆயி, புள்ள கனம் ஏற ஏறத் தூக்கித் தூக்கி வரும். எத்தினி பேருக்குப் பாத்திருக்கேன். போயி எலும்பு டாக்டரப் பாரு. கையி எங்கயும் போவாது."

கை எங்கேயும் போகாது என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவர் சிரித்ததை மன்னித்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு அத்தை உள்ளே வந்தார்.

"நாந்தான் போன் பண்ணேன்."

நான் அவரைப் பார்த்தேன். "என்னப் பத்தி என்னாங்க அத்தை நெனச்சீங்க?"

அவர் கீழே கிடந்த மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு. தருமபுரி போயிட்டு வந்துருவோம்" என்றார். அடுத்த தடவை வைத்த புழு கூடு கட்ட ஏறுகிற நேரம் அது. அந்த நேரத்தில் அவர் செட்டை விட்டு வாசலைத் தாண்டுவேன் என்று சொன்னதே என் வீட்டுக்காரருக்கு அதிசயமாக இருந்தது. எனக்கு அதெல்லாம் மனதில் ஏறவில்லை. அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

தருமபுரி டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், உலகத்தில் கை வலி எத்தனை விதமாக இருக்கிறது என்று தெரிந்தது. வத்தல்மலையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவருக்கு மோதிர விரல் மடங்கினால் நிமிராது. இன்னொரு கையால் பிடித்து இழுத்தால் டொக்கென்று சத்தத்தோடு நிமிரும். அதை அவர் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு புரோட்டா மாஸ்டர். முழங்கையின் வெளிப்புறத்தில் பிடித்துக்கொண்டு, மாவை அடிக்க முடியவில்லை என்றார். இன்னொரு அக்காவுக்குப் படுத்தால் கை மரத்துப்போகுமாம். வாதம் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டி, புறாக் கறி ஆக்கிப் போட்டார்களாம். உள்ளே போய்விட்டு வந்த அந்த அக்கா, "வாதமில்லையாம், மணிக்கட்டுல ஒரு நரம்பு நசுங்குதாம்" என்று பெஞ்சு முழுக்கச் சொல்லிவிட்டு, முகமெல்லாம் பல்லாகப் போனார். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

டாக்டரும் நர்சம்மா செய்யச் சொன்ன அதே வித்தையைச் செய்யச் சொன்னார். இந்தத் தடவை கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். கட்டை விரலை இழுக்கிற தசைநார் இரண்டு, மணிக்கட்டில் ஒரு உறைக்குள் நுழைந்து போகிறதாம். பிள்ளை பெற்ற உடம்பில் அந்த உறை வீங்கி இறுகிவிடும், அதற்குள் நார் உரசி உரசிப் புண்ணாகும் என்றார். விரலை விரித்து அக்குளில் கொடுத்துத் தூக்குவதுதான் இதற்கு முதல் எதிரி என்றார்.

"உள்ளங்கை ரெண்டும் மேல பாத்து இருக்கணும். பிள்ளைக்கு அடியில கையக் குடுத்து வாரி எடுக்கணும். கட்டை விரலுக்கு வேலையே இருக்கக் கூடாது."

"புழுத் தட்டு தூக்கற மாதிரிங்களா?" என்றார் அத்தை.

டாக்டருக்குப் புழுத் தட்டு தெரியவில்லை. அத்தை எழுந்து நின்று, இல்லாத தட்டை அடியில் கைகொடுத்துத் தூக்கிக் காட்டினார். அதேதான் என்றார் டாக்டர். ஊசி ஒன்று போடுகிறேன், கட்டை விரலையும் மணிக்கட்டையும் அசைக்காமல் பிடித்துக்கொள்கிற ஒரு பட்டை தருகிறேன், பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும் என்றார். அப்படியும் கேட்கவில்லை என்றால் உறையைக் கொஞ்சம் திறந்துவிடுகிற சின்ன ஆபரேஷன் இருக்கிறது, பயப்பட வேண்டியதில்லை, பால் கொடுப்பதற்கும் தடையில்லை என்றார். நான் அழுதுவிடுவேனோ என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அத்தை மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டருங்க, இந்த ஊசி மருந்து வாடை வருங்களா? வூட்டுல பட்டுப்புழு இருக்குதுங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன், இடது கையால். டாக்டர் மருந்துக் குப்பியை எடுத்து, அவர் மூக்குக்குப் பக்கத்தில் காட்டினார். அத்தை முகர்ந்து பார்த்து, சரி போடுங்கள் என்று அனுமதி கொடுத்தார்.

ஊசி உயிர் போகிற வலி. அன்றைக்கும் மறுநாளும் முன்னைவிட அதிகமாகக் குத்தியது. டாக்டர் அதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பிறகு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வலிக்கவில்லையே என்று சட்டென்று உறைத்தது. பட்டையைக் கழற்றிக் கட்டை விரலை மடக்கி, பயந்து பயந்து கையைச் சாய்த்தேன். லேசாக இழுத்தது. அவ்வளவுதான். வாயில் நுரையோடு அங்கேயே நின்று சிரித்தேன். அம்மாடி என்று உடம்பு முழுக்க ஒரு தளர்வு வந்தது.

கை நன்றாக ஆறும்வரை என்னை வேலை செய்ய விடக்கூடாது என்று அத்தை தன் மகளை வரச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், காரிமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாட்டுக்கோழியோடு வந்து இறங்கினார். நல்ல மனுஷி. மைக் இல்லாமல் மாநாடு நடத்தக்கூடிய தொண்டை. சமையல்கட்டில் மசாலா அரைத்தபடி, என் வீட்டுக்காரரை நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். ஏண்டா, கட்டினவளுக்குக் கை வலிக்குதுன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகத் தெரியாதா என்பது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் காது குளிர்ந்தது.

நானும் அத்தையும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மகள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கூடெல்லாம் நல்லபடியாகச் சந்தைக்குப் போய்விட்டது. செட்டைக் கழுவிக் காயவிட்டிருந்தார்கள். பல நாள் கழித்து அத்தைக்குக் கை சும்மா இருந்தது. எனக்குக் கை வலி போயிருந்தாலும் அந்தக் கோபம் போகவில்லை. கேட்டுவிட்டேன்.

"நான் எம் புள்ளைய ஏதாச்சும் பண்ணிடுவேன்னு நெனச்சீங்களாங்க அத்தை?"

அவர் என்னைப் பார்க்காமல் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"அங்க கத்திக்கிட்டு இருக்கறாளே, அவ பொறந்தப்ப நான் அவளத் தொடல" என்றார். "பொட்டப் புள்ளன்னு எங்க மாமியா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. இவங்கப்பா வந்து எட்டிப் பாக்கல. நானும் சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அது கத்துது. எனக்குப் பால் கட்டி நெஞ்சு வலிக்குது. ஆனாலும் திரும்பல. அப்பறம் ஒரு நர்சம்மா வந்தாங்க. என்னப் பேச்சு பேசுனாங்க தெரியுமா. பேசிட்டு, அதத் தூக்கி எம் மேல போட்டுட்டுப் போயிட்டாங்க. அது வாய வெச்சுக் குடிக்க ஆரம்பிச்சதும், எனக்கு மறுபடியும் சொவத்துப் பக்கம் திரும்ப முடியல."

நான் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நீ தூளிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, அது கைய நீட்டியும் எடுக்காம இருந்தத ஒருநாளு பாத்தேன். எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. அந்த மாதிரி இருக்கறப்ப பெத்தவ மனசு என்னா சொல்லும்னு எனக்குத் தெரியும். உங்கிட்ட கேட்டா நீ சொல்ல மாட்ட. நானுந்தான் சொல்லல. அதான் எம் பக்கத்துலயே போட்டுக்கிட்டேன். பகல்ல அவன வந்து பாத்துக்கச் சொன்னேன்."

அப்படியானால் என் வீட்டுக்காரர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது காவலுக்கு. அந்த ஏமாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். சமையல்கட்டிலிருந்து இஞ்சி எங்கே என்று ஒரு சத்தம் வந்தது. அத்தை அங்கே பார்த்த பார்வையில் இருந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் இத்தனை நாளும் என் பிள்ளையை அவர் பறிக்கிறார் என்று கருவிக்கொண்டிருந்தேன். அவர் என் பிள்ளையை என்னிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த வீட்டில் என் மகளுக்கு, பெற்றவளே கைவிட்டாலும் விடாத ஒரு ஆள் இருக்கிறது. டாக்டர் கை சரியாகிவிடும் என்று சொன்னபோதுகூட எனக்கு நெஞ்சு இப்படி நிறையவில்லை.

தூளி அசைந்தது. மகள் விழித்துக்கொண்டு சிணுங்கினாள். அத்தை பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டு, என்னைப் பார்த்து, மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

"நீயே எடு" என்றார்.

எழுந்து போனேன். உள்ளங்கை இரண்டையும் மேலே பார்க்க வைத்து, அவளுக்கு அடியில் கொடுத்து, வாரி எடுத்தேன். கட்டை விரல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, காதோரம் இருந்த முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இஞ்சி எங்கே இருக்கிறது என்று சொல்வதற்குச் சமையல்கட்டுக்குப் போனார்.